தட்டிப் பார்க்காத தேங்காய்

தேங்காய் வாங்குவது நம் நாட்டில் ஒரு கலை. குவியலிலிருந்து ஒரு காயை எடுக்கிறோம். காதருகே வைத்துக் குலுக்குகிறோம். விரலை மடக்கித் தட்டுகிறோம். சத்தம் திருப்தியாக இல்லையென்றால் கீழே வைத்துவிட்டு வேறொன்றை எடுக்கிறோம். கடைக்காரர் கோபித்துக் கொள்வதில்லை. சில சமயம் அவரே இரண்டு காய்களை ஒன்றோடொன்று மோதிக் காட்டி, "இதைக் கேளுங்க" என்று சிபாரிசு செய்கிறார். வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்க்கிறோம். நெய்யைப் புறங்கையில் தேய்த்து முகர்ந்து பார்க்கிறோம். வெண்கலப் பானையைச் சுண்டிப் பார்க்கிறோம். பட்டுப் புடவைக் கடையிலோ, ஜமக்காளம் நிறையப் புடவைகளைப் பிரித்துப் போடச் சொல்லிவிட்டு, "அப்புறம் வருகிறோம்" என்று எழுந்து வரும் உரிமைகூட நம் வீட்டுப் பெண்மணிகளுக்கு உண்டு.

இத்தனை உரிமைகளையும் அனுபவித்து வரும் நாம், காதுக்காகவே செய்யப்பட்டதும் நாற்பதினாயிரம் ரூபாய் விலையுள்ளதுமான ஒரு சாமானை மட்டும் காதில் வைத்துப் பார்க்காமலே வாங்க வேண்டியிருக்கிறது! முப்பது நாற்பது ரூபாய்த் தேங்காய்க்குக் காது சாட்சி சொல்லலாம். ஹெட்போனுக்கு மட்டும் காதின் சாட்சியம் செல்லாதாம். இதைவிட விசித்திரமான வியாபார தர்மம் வேறு உண்டா என்று நேயர்களே சொல்லட்டும்.

ஹெட்போன் என்பது நமக்குப் புதிய வஸ்து அல்ல. 1910-ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில் நதானியல் பால்ட்வின் என்பவர் தம் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து ஹெட்போன்களைச் செய்து அந்நாட்டுக் கடற்படைக்கு விற்றார். 1924-இல் சென்னையில் ரேடியோ கிளப் ஒன்று ஒலிபரப்பு ஆரம்பித்த காலத்தில், 'கிரிஸ்டல் செட்' வைத்திருந்தவர்கள் இரு காதிலும் இதை மாட்டிக்கொண்டுதான் கேட்க வேண்டும். அந்தப் பெட்டிக்கு ஒலியைப் பெருக்கிக் கொடுக்கும் சக்தி கிடையாது. 1958-இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் ஜான் காஸ் என்பவர், இரு காதுகளுக்கும் தனித்தனி ஒலி தரும் ஸ்டீரியோ ஹெட்போனைச் சங்கீத ரசிகர்களுக்கென்றே செய்து காட்டினார். அதுவரையில் தந்தி ஆபீஸ், கப்பல், விமானம் என்று உத்தியோகம் பார்த்துக் கொண்டிருந்த கருவி, அதன்பின் வீட்டுக்குள் சங்கீத வித்வானாக வந்து சேர்ந்தது.

நம் வீட்டுக்கு இது தேவைப்பட்ட காரணத்தைச் சொல்லிவிடுகிறோம். நம்முடன் இருக்கும் அத்தைக்கு வயது எழுபத்தாறு. நாற்பது மார்கழிகளைச் சென்னைச் சபாக்களில் கழித்தவள். மூன்று வருஷங்களாக முழங்கால் அவளை வீட்டோடு உட்கார்த்திவிட்டது. இரவு இரண்டு மணிக்குத் தூக்கம் கலைந்தால், பழைய ஒலிநாடாக்களிலிருந்து செல்போனுக்கு மாற்றிக் கொடுத்திருக்கும் கச்சேரிகளைக் கேட்பாள். அடுக்குமாடி வீட்டில் ஒரு சுவருக்கு அப்பால் பரீட்சைக்குப் படிக்கும் பையன். இன்னொரு சுவருக்கு அப்பால் இரவு வேலை முடித்து வந்து உறங்கும் தம்பதிகள். ஆகவே செல்போனோடு இனாமாக வந்த சிறிய காதுக் குமிழ்களை மாட்டிக்கொண்டே கேட்டு வந்தாள்.

ஒரு நாள் காலையில் காப்பியைக் கீழே வைத்துவிட்டு, "ஏண்டாப்பா, எனக்குத் தம்புரா கேட்க மாட்டேன் என்கிறது. பாட்டு அந்தரத்தில் நிற்கிறது. எனக்குக் காது போய்விட்டதோ?" என்றாள்.

காது வைத்தியரிடம் அழைத்துப் போனோம். மேல் ஸ்தாயி ஒலிகளில் வயதுக்கேற்ற குறைவு இருக்கிறது, அதற்குக் கீழே பயமில்லை என்றார். மனிதக் காது இளமையில் விநாடிக்கு 20 அதிர்விலிருந்து 20,000 அதிர்வு வரையில் கேட்கும். வயதாக ஆக மேலேயுள்ள படிகள் ஒவ்வொன்றாக மங்கும். இது இயற்கை. அப்படி மங்கியதை எந்த ஹெட்போனும் மீட்டுத் தராது. ஆனால் தம்புரா மறைந்ததற்குக் காரணம் அத்தையின் காதா, அல்லது அந்தக் காதுக் குமிழா? இந்தக் கேள்விக்குப் புத்தகத்தில் பதில் இல்லை. நல்ல கருவி ஒன்றை அவள் தலையில் மாட்டிப் பார்த்தால்தான் தெரியும். கேட்டால் அவளுடைய இரவுகள் பிழைத்தன. கேட்காவிட்டால் நாற்பதினாயிரம் ரூபாயைச் சேமித்துக்கொண்டு வேறு வழி பார்க்கலாம். இந்த நோக்கத்துடன்தான் நாம் கடைவீதியில் இறங்கினோம்.

முதல் கடையில் ஹெட்போன்கள் கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டப்பட்டு, கருவறை விக்கிரகங்களைப் போல் விளக்கொளியில் காட்சி கொடுத்தன. திறந்து காட்ட முடியுமா என்று கேட்டோம். விற்பனையாளர் மிகவும் மரியாதையான வாலிபர். "சீல் உடைத்தால் வாங்கியாக வேண்டும் சார்" என்றார். அவருக்குத் தலைக்கு மேலே, வாடிக்கையாளரின் பெருமையைக் கூறும் வாசகம் ஒன்று மகாத்மாவின் படத்துடன் தொங்கிக் கொண்டிருந்தது.

இரண்டாவது கடையில் மாட்டிப் பார்க்க ஒன்று வெளியே வைத்திருந்தார்கள். ஆனால் அது ஒரு பெரிய வணிக வளாகத்தின் நடுக்கூடம். நாற்புறமும் சினிமாப் பாட்டும், தள்ளுபடி அறிவிப்பும், குழந்தைகளின் கூச்சலும். கருவியோ பக்கத்துச் சத்தத்தை உள்ளே விடும் திறந்த வகையைச் சேர்ந்தது. அதிலே கடைக்காரர்கள் முன்னமே ஏற்றி வைத்திருந்த பாட்டு ஒன்றுதான் வரும். நெஞ்சுக்கூடு அதிரும்படி முரசு முழங்கும் பாட்டு. அத்தை அரை நிமிஷம் கேட்டுவிட்டுக் கழற்றிக் கொடுத்து, "நன்றாக இடிக்கிறது" என்று அபிப்பிராயம் சொன்னாள்.

மூன்றாவது கடையில், வேண்டிய மாதிரி கையிருப்பில் இல்லை என்றும், பணம் கட்டினால் தருவித்துத் தருவதாகவும் சொன்னார்கள். பிடிக்காவிட்டால் என்ன செய்வது என்று விசாரித்தோம். "எல்லாருக்கும் பிடிக்கும் சார்" என்றார்கள்.

கடைக்காரர்கள் பக்கத்தில் நியாயம் இல்லாமலில்லை. ஒருவர் காதில் வைத்த பொருளை மற்றொருவர் புதிதென்று வாங்கச் சம்மதிப்பதில்லை. காதுக்குள் நுழையும் வகையில் சுகாதாரக் கவலையும் உண்டு. மேலும், ஒரு மணி நேரம் கடையில் உட்கார்ந்து நாலைந்தைக் கேட்டுவிட்டு, வெளியே வந்து செல்போனிலேயே ஐந்நூறு ரூபாய் குறைவாகக் கிடைக்குமிடத்தில் வாங்கிவிடும் ரசிகர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். மாதிரிக்கென்று ஒன்றைப் பிரித்து வைத்தால் அந்த முதல் திரும்ப வருமா என்று வியாபாரி அஞ்சுவது சகஜந்தானே? அவன் அஞ்சி மறைக்கிறான். வாங்குகிறவன் கேட்காமல் வாங்கி ஏமாறுகிறான். அந்த ஏமாற்றத்தினால் அடுத்த தடவை கடைக்கே வராமல் இருக்கிறான். இப்படி இந்தச் சக்கரம் சுற்றுகிறது.

இணைய அங்காடியில் வாங்கினால் பிடிக்காததைத் திருப்பி அனுப்பலாமே என்று நேயர்கள் கேட்கலாம். ஐரோப்பிய நாடுகளில் தபால் வழியாகவோ இணையத்திலோ வாங்கிய பொருளைக் காரணம் சொல்லாமலே 14 நாட்களுக்குள் திருப்பி விடும் உரிமையை 2011-ஆம் ஆண்டுச் சட்டம் கொடுத்திருக்கிறது. அங்கும், சுகாதாரத்தை முன்னிட்டு சீல் வைத்த பொருளைப் பிரித்துவிட்டால் சில சமயம் இந்த உரிமை போய்விடும். நம் தேசத்தில் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தைத் தொடர்ந்து, 2020-இல் இணைய வணிகத்துக்கு விதிகள் வந்தன. பழுதானது, போலியானது, விளம்பரத்துக்கு மாறானது என்றால் விற்றவர் திரும்ப ஏற்க வேண்டும். "எல்லாம் சரி, என் காதுக்குத்தான் ஒத்து வரவில்லை" என்பது இந்தக் காரணங்களில் ஒன்றல்ல. அது விற்பவரின் தயவைப் பொறுத்தது.

ஆகவே பெரும்பாலோர் என்ன செய்கிறார்கள்? ஜாதகம் பார்க்கிறார்கள். பெட்டியின் முதுகில் அச்சிட்டிருக்கும் எண்களைத்தான் சொல்கிறோம். அதிர்வெண் எல்லை இவ்வளவு, மின்தடை இவ்வளவு, எடை இவ்வளவு என்று பத்துப் பொருத்தமும் அதில் இருக்கும். சில எண்கள் உபயோகமானவையே. உதாரணமாக, 1997-இல் வெளிவந்து உலகெங்கும் பெயர் வாங்கிய சென்ஹைசர் எச்.டி. 600 என்னும் மாதிரியின் மின்தடை 300 ஓம். அதைச் செல்போனில் நேராகச் செருகினால் பல சமயங்களில் போதிய சத்தம் வராது; இடையே ஒலிபெருக்கி ஒன்று வேண்டும். இதை அறியாமல் வாங்குகிறவர் மாப்பிள்ளைக்குப் பிறகு மாப்பிள்ளைத் தோழனுக்கும் சீர் செய்ய நேரிடும். ஆனால் எவ்வளவு தேர்ந்த ஜோசியராலும், ஜாதகத்தைப் பார்த்துக் குரல் இனிமையைச் சொல்ல முடியாது.

மற்றவர் எழுதும் மதிப்புரைகளைப் படிக்கலாமே என்றால், அங்கே வேறொரு சங்கடம். ஒருவர் காது மடலைப் போல் இன்னொருவர் மடல் இல்லை. காதுத் துவாரத்தின் நீளமும் வளைவும் ஆளுக்கு ஆள் வேறு. ஒலி அந்த மடலிலும் துவாரத்திலும் பட்டுத்தான் உள்ளே போகிறது. ஆகவே ஒரே ஹெட்போன் இரண்டு தலைகளில் இரண்டு விதமாகப் பேசும். காதைச் சுற்றி மூடும் வகையில் மெத்தை கன்னத்தோடு இடைவெளியின்றிப் படிய வேண்டும். மூக்குக்கண்ணாடியின் காம்பு குறுக்கே வந்தால் அந்தச் சந்து வழியாகக் கீழ் ஸ்தாயி ஒலி ஓடிவிடும். கண்ணாடியோடு வைரத் தோடும் மாட்டலும் போட்டு, பின்னால் கொண்டையும் முடிந்திருக்கும் ஒரு தலையை உத்தேசித்து எந்தத் தேசத்து யந்திர நிபுணரும் இதைச் செய்ததாகத் தெரியவில்லை. மதிப்புரை எழுதுகிறவர்களில் தோடு அணிந்தவர்களும் மிகக் குறைவு.

இதைவிட முக்கியமானது, எந்தச் சங்கீதத்தை வைத்து மதிப்பிடுகிறார்கள் என்பது. உலகத்து மதிப்புரைகளில் பெரும்பாலானவை கிடார், பியானோ, மேனாட்டு முரசு இவற்றைக் கேட்டு எழுதப்படுகின்றன. அந்தச் சங்கீதத்தின் மீது நமக்குத் துவேஷம் கிடையாது. ஆனால் நமக்கு வேண்டிய பரீட்சையே வேறு. ஒரு கட்டை சுருதியில் பாடும் ஆண் குரலின் ஆதார ஷட்ஜம் விநாடிக்குச் சுமார் 130 அதிர்வு. ஐந்து கட்டையில் பாடும் பெண் குரலுக்குச் சுமார் 196. இந்தப் பாகம் வீங்கினால் குரல் பானைக்குள்ளிருந்து வருவதுபோல் ஆகிவிடும். மிருதங்கத்தின் தொப்பி கும்மென்று வரும்போதே வலந்தலையின் சொற்கள் கலையாமல் தெறிக்க வேண்டும். தம்புராவின் தந்திக்கும் குதிரைக்கும் நடுவே ஜீவாவாக வைக்கும் நூல், ஒரே மீட்டலிலிருந்து எத்தனையோ மேல் ஒலிகளை எழுப்புகிறது. அவை மங்கினால் தம்புரா வெறும் இரைச்சல், அவை மிகுந்தால் கொசுவின் ரீங்காரம். இவ்வளவையும் நமக்காகக் கேட்டுச் சொல்ல மில்வாக்கியிலும் பெர்லினிலும் யார் இருக்கிறார்கள்?

தேசத்துக்கு 1947-இல் சுயராஜ்யம் வந்துவிட்டது. காது மட்டும் இன்னும் பிறருடைய தீர்ப்பை எதிர்பார்த்துக் கை கட்டி நிற்கிறது. பணம் நம்முடையது, பாட்டு நம்முடையது, காதும் நம்முடையதே. தீர்ப்பை மட்டும் ஏன் இறக்குமதி செய்ய வேண்டும்?

விலையே தரத்துக்குச் சாட்சி என்று எண்ணுகிறவர்களுக்கும் ஒரு செய்தி. 2017-ஆம் ஆண்டில் ஜெரோன் பிரேபார்ட் என்னும் ஆராய்ச்சியாளர், அமெரிக்க ஒலியியல் சங்கத்தின் பத்திரிகையில் ஒரு கட்டுரை வெளியிட்டார். 283 ஹெட்போன்களின் அதிர்வெண் அளவுகளை எடுத்து விலையோடு ஒப்பிட்டதில், இரண்டுக்கும் சம்பந்தம் காணப்படவில்லை என்பது அவர் முடிவு. விலையுயர்ந்தவை யாவும் மோசம் என்பது இதன் பொருளல்ல. உழைப்பு, தோல், உலோகம், நீடித்த ஆயுள் என்று பணம் பல வழிகளில் போயிருக்கலாம். ஒலி எப்படி என்பதை விலைச் சீட்டு சொல்லாது, அவ்வளவுதான்.

கடைசியில் நமக்கு உதவியவர் ஒரு சிநேகிதர். இந்தக் கருவிகளில் மோகம் கொண்டு, மூன்றை வாங்கி வைத்திருப்பவர். ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில், விசிறியையும் நிறுத்திவிட்டு, அத்தையைச் சாய்வு நாற்காலியில் உட்கார்த்தினோம். அவளுக்கு மனப்பாடமான கச்சேரி ஒன்றையே மூன்றிலும் வைத்தோம். சத்தத்தை ஒரே அளவில் வைக்கச் சிநேகிதர் மிகவும் பிரயாசைப்பட்டார். காரணம் உண்டு. ஒலியின் அளவு மாறினால் காது கீழ் ஸ்தாயியையும் மேல் ஸ்தாயியையும் உணர்வதும் மாறும் என்று பிளெட்சர், மன்சன் என்ற இரு அமெரிக்க விஞ்ஞானிகள் 1933-இலேயே காட்டியிருக்கிறார்கள். சற்று உரக்கப் பாடும் கருவி எதுவானாலும் அதுவே உயர்ந்தது போல் மயக்கும்.

மூன்றிலும் விலை மிகுந்தது முதலில் வந்தது. பத்து நிமிஷத்தில் அத்தை கழுத்தைத் தடவிக்கொண்டு, "பாட்டு நன்றாக இருக்கிறது, கிரீடந்தான் கனக்கிறது" என்று இறக்கி வைத்தாள். இரண்டாவதில் மிருதங்கம் பாடகரைத் தூக்கிச் சாப்பிட்டுவிட்டது. மூன்றாவது, நாம் வாங்க நினைத்திருந்த நாற்பதினாயிரத்தைவிடப் பத்தாயிரம் குறைவானது. இலேசான திறந்த வகை. தோட்டைக் கழற்றவில்லை; மெத்தை பெரிதாக இருந்ததால் தோடு உள்ளேயே அடங்கிவிட்டது. ஆலாபனை ஆரம்பித்துச் சிறிது நேரம் அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பாடகர் மூச்சு விடும் இடைவெளி ஒன்று வந்தது. அத்தை ஆள்காட்டி விரலை உயர்த்தினாள்.

"இருக்கு" என்றாள். "தம்புரா இருக்குடா."

ராகம், நிரவல், ஸ்வரம் எல்லாம் முடியும் வரையில் அவள் அதைக் கழற்றவில்லை. சிநேகிதரும் நாமும் காப்பி குடித்துவிட்டு வந்தோம்; அவளுக்கு வைத்தது ஆறிப் போயிற்று.

இந்தப் பிற்பகல் கற்பித்ததை நேயர்களுக்கு உபயோகமாகும்படி சொல்கிறோம். ஹெட்போன் கேட்கப் போகும்போது, கடைக்காரரின் பாட்டை ஒதுக்கிவிட்டு, நூறு தடவை கேட்டுப் பழகிய உங்கள் பாட்டை உங்கள் செல்போனிலேயே கொண்டு போங்கள். கண்ணாடியோ தோடோ நித்தியம் அணிவதானால் அவற்றோடேயே போங்கள். அரை நிமிஷத்தில் முடிவு செய்ய வேண்டாம். கனமும் உஷ்ணமும் கால் மணிக்குப் பிறகுதான் வாய் திறக்கும். ஒப்பிடும்போது சத்தத்தைச் சமமாக வையுங்கள். சரியாகக் கேட்கவில்லையென்று சத்தத்தை ஏற்றிக்கொண்டே போகாதீர்கள். 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரத்துக்கு மேல் கேட்பது பெரியவர்களின் காதுக்கு ஆகாது என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. வயதானவர்கள் முதலில் காது வைத்தியரைப் பார்த்துவிடுவது நலம்.

ஆனால் எல்லாருக்கும் மூன்று ஹெட்போன் வைத்திருக்கும் சிநேகிதர் வாய்க்க மாட்டார். அதற்கு ஊரே சிநேகிதராக வேண்டும். கிராமபோன் காலத்தில் இசைத்தட்டு வாங்கப் போனவருக்கு, கடைக்காரர் ஊசியை வைத்துப் பாடவிட்டுக் காட்டுவது உண்டு. அந்தப் பழக்கத்தால் அவர் கடை மூழ்கிவிடவில்லை. இன்றும் ஜப்பானில் தோக்கியோ நகரத்தின் அகிஹபாராப் பகுதியில், வாங்க வந்தவர்கள் சொந்தக் கருவியைச் செருகி ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்க்கும் கடைகள் செழிப்பாக நடக்கின்றன. நம் வியாபாரிகளும் மாதிரிக்கு ஒவ்வொன்றை ஒதுக்கி, அமைதியான சிறு அறையில் வைத்து, அரை மணிக்கு இருநூறு ரூபாய் கட்டணம் வாங்கட்டும்; பொருளை வாங்கினால் அதை விலையில் கழிக்கட்டும். வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் குறைவார்கள். வாங்க வருகிறவர்கள் நிலைப்பார்கள். ரிச்சி தெருவைப் போன்ற மின்னணுக் கடைவீதிகளில் பல கடைக்காரர்கள் சேர்ந்தே அப்படியோர் அறையை வைக்கலாம்.

சபாக்களுக்கும் ஒரு விண்ணப்பம். மார்கழியில் கீரை வடைக்கும் பாதாம் அல்வாவுக்கும் சபையின் கொல்லைப்புறத்தில் தாராளமாக இடம் கொடுக்கிறீர்கள். அது போற்றத் தக்கதே. ஓர் ஓரத்தில் ஒரு மேஜையும், நாலு ஹெட்போன்களும், துடைக்கப் பஞ்சும் வைத்தால் என்ன? கச்சேரியை நேரில் கேட்டு வெளியே வந்த காதைவிடச் சிறந்த நீதிபதி யார்? முழங்கால் வலியால் மாடிப்படி ஏற முடியாத பழைய ரசிகர்களின் பிள்ளைகளும் பெண்களும் அங்கே வந்து கேட்டுவிட்டு, வீட்டுக்கு ஒரு மூன்றாம் வரிசை ஆசனத்தை வாங்கிப் போவார்கள்.

தட்டிப் பார்த்தும் சில தேங்காய் அழுகலாய்ப் போவதுண்டு. அதற்காக யாரும் கடைக்காரரை நோவதில்லை. தட்டியது நம் விரல், கேட்டது நம் காது. ஹெட்போன் விஷயத்திலும் நாம் வேண்டுவது அந்த ஒரு பாக்கியத்தைத்தான்.